ஸ்கேனில் தெரிவதும் தெரியாததும்: நாய்களின் அட்ரீனல் நோய் குறித்து ஒரு சொற்பொழிவு



செல்லப் பிராணிகளுக்கான மருத்துவமனைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்ல, டாக்டர்?" கேட்பவரின் காலடியில் ஒன்பது, பத்து வயது டாக்ஷண்டோ பொமரேனியனோ தொந்தியும் மூச்சிரைப்புமாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் போதவில்லை, ராத்திரியில் மூன்று தடவை வெளியே போக எழுப்புகிறது, முதுகில் முடி கொட்டிவிட்டது. "ஆனா சாப்பாட்டுக்கு மட்டும் குறையே இல்லை" என்று கூடவே ஒரு சமாதானமும் வரும். வயதாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டிருப்பார்கள். தீராப் பசியும் நோயின் அடையாளம்தான் என்பது பலருக்கும் தோன்றாது.

ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? தெரியும். ஆனால் கேட்பவர் நினைக்கிற விஷயம் தெரியாமல் போகலாம். அவர் கேட்கவே கேட்காத விஷயம் தெளிவாகத் தெரியலாம். இன்றைய பேச்சு முழுக்க இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

முதலில் சுரப்பியைப் பார்ப்போம். சிறுநீரகங்களுக்கு அருகே, உள்பக்கமாக, இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. நடுத்தர அளவுள்ள நாயில் ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை செ.மீ. நீளம், அரை செ.மீ. தடிமன். வெளிப்பகுதியான புறணி கார்டிசாலையும், உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கிறது. உள்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், இந்தச் சுரப்பிகள் அழிந்துபோனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று எழுதினார். 1932-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், கார்டிசால் மிதமிஞ்சிப் போகும் நிலைக்கும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டிக்கும் உள்ள தொடர்பை விவரித்தார். இருவர் பெயரும் நோய்களுக்கு நிலைத்துவிட்டன: குறைந்தால் அடிசன் நோய், கூடினால் குஷிங் நோய்.

மனிதர்களில் குஷிங் நோய் அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் வரும். நாய்களில் ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் வருகிறது. கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன நோய் இது. பாதிக்கப்பட்ட நாய்களில் 80 முதல் 85 சதவீதத்தில் குற்றவாளி பிட்யூட்டரி. அங்குள்ள சின்னஞ்சிறு கட்டி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ஓயாமல் சுரக்க, அதன் தூண்டுதலால் இரண்டு அட்ரீனல்களும் வீங்கி, கார்டிசாலைக் கொட்டுகின்றன. மீதி 15 முதல் 20 சதவீதத்தில் அட்ரீனல்களில் ஒன்றிலேயே கட்டி. இரண்டு வகையிலும் நாய் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சிகிச்சைதான் வேறு. முதல் வகைக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. இரண்டாம் வகைக்கு, உடல் தாங்குமானால், அறுவை. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் தன் சம்பளத்துக்கு உழைப்பது இந்த இடத்தில்தான்.

இங்கே ஸ்கேன் என்பது ஒலியலைகளால் பார்க்கும் அல்ட்ராசவுண்டு. அந்தக் கருவியின் பூர்வீகம் சுவையானது. 1955-இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, ரென்ஃப்ரூ நகரில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் ஆலைக்கு, அறுவையில் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைகளால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதை இந்தச் சதைக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. திண்மமான கட்டி ஒரு மாதிரியும் நீர் நிறைந்த கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. 1958-இல் 'லான்செட்' இதழில் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையிலிருந்து வயிற்று ஸ்கேனின் காலம் தொடங்கியது எனலாம். நாயின் அட்ரீனலைத் தேடும் அளவுக்குக் கருவி கூர்மையாக, அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கூர்மை ஏன் தேவை? உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் புரோப்பில் (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியில்) ஒரு அலையின் நீளம் சுமார் 0.3 மி.மீ.; 10 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி. அலை குட்டையானால் நுணுக்கம் கூடும், ஆனால் ஆழம் போகாது. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு உயர் அதிர்வெண் புரோப்பை வைத்து, சுரப்பியின் புறணியையும் உள்பகுதியையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். நாற்பது கிலோ ராட்வைலரில் அது நடக்காது. அதிர்வெண்ணைக் குறைத்து, மங்கலான படத்தோடு சமாதானமாக வேண்டியதுதான். இத்தனைக்கும் அளக்கப் போவது ஐந்துக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர்களை.

மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாய் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டும். இரைப்பையிலும் குடலிலும் காற்று இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகாது. வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவுகிறார்கள். முதலில் இடப்பக்கம். சிறுநீரகத்தைப் பிடித்து, அங்கிருந்து நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தால், துடித்துக்கொண்டிருக்கும் பெருந்தமனி நீளவாக்கில் தெரியும். அதிலிருந்து இடச் சிறுநீரகத்துக்குக் கிளை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், தமனியை ஒட்டி, வெளுத்த கொழுப்புக்கு நடுவே கருமையாக ஒரு வடிவம் கிடக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை. அந்த இடுப்பின் மேல் ஒரு சிறு சிரை குறுக்கே ஓடுவதைக் கண்டுவிட்டால் சந்தேகமில்லை, அது அட்ரீனல்தான். பக்கத்தில் உள்ள நிணநீர்க்கணு அல்ல.

வலப்பக்கம் சோதனை. அந்தச் சுரப்பி விலா எலும்புகளுக்கு உள்ளே, இன்னும் முன்னால், கீழ்ப்பெருஞ்சிரையை ஒட்டி ஒளிந்திருக்கிறது. நெஞ்சு ஆழமான இனங்களில் கடைசி விலா இடைவெளிகளுக்குள் புரோப்பைச் செருகித்தான் பார்க்க வேண்டும். அதிகம் அழுத்தினால் சிரை நசுங்கி, வழிகாட்டும் அடையாளமே மறைந்துவிடும். போதாததற்கு, குஷிங் நோயுள்ள நாய் விடாமல் மூச்சிரைக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் சுரப்பி திரையைவிட்டு வழுக்கிப் போகும். தொந்தி நிறையக் கொழுப்பு வேறு. எந்த நோயைத் தேடுகிறோமோ அந்த நோயே தேடலைக் கெடுக்கிறது. வலது சுரப்பி சரியாகக் கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் திறமையற்றவர் என்று முடிவுகட்ட வேண்டாம். நேர்மையானவர் என்று கொள்ளலாம்.

எதை அளப்பது? நீளம் நாயின் உடலளவோடு ஏறி இறங்குவதால் அதிகம் பயன்படாது. பின்முனையின் தடிமன்தான் நம்பகமான அளவு என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. குறுக்கு வெட்டை நேராக எடுக்காமல் சற்றே சாய்த்து எடுத்தாலும் தடிமன் பொய்யாகக் கூடும். ஒரே நாயை இரண்டு பேர் அளந்தால் அரை மி.மீ. வித்தியாசம் வருவது அதிசயமில்லை. அந்த அரை மி.மீ.தான் பல நேரம் 'சரி'க்கும் 'பெரிது'க்கும் நடுவே இருக்கும்.

இங்கே எண்களோடு கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1995-இல் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, இடது அட்ரீனல் 7.4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் பெரிது என்று கோடு போட்டது. அந்தக் கோட்டைக் கொண்டு பிட்யூட்டரி வகைக் குஷிங் நாய்களில் 77 சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த நோய் இல்லாதவற்றில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்க முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏதேதோ காரணத்துக்காக ஸ்கேனுக்கு வரும் நூறு நாய்களில் பத்துக்கு மட்டும் உண்மையில் குஷிங் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு சிக்கும், இரண்டு தப்பும். நோயில்லாத தொண்ணூற்றில் பதினெட்டின் சுரப்பியும் 'பெரிது' என்று வரும். ஆக, 'பெரிது' என்று அறிக்கை வாங்கிய இருபத்தாறு நாய்களில் பதினெட்டுக்கு அந்த நோய் இல்லை! அதே கருவி, அதே கோடு. ஆனால் தண்ணீர், பசி, தொந்தி, முடி உதிர்வு எல்லாம் பார்த்து, பாதிக்குப் பாதி நோய் இருக்கும் என்று தேர்ந்தெடுத்த நாய்களை மட்டும் அனுப்பினால், 'பெரிது' என்று வருபவற்றில் ஐந்தில் நான்கு உண்மையாக இருக்கும்.

நோயில்லாத நாயின் சுரப்பி ஏன் பெரிதாகிறது என்று கேட்கலாம். நீண்ட நாள் வேறு நோயால் அவதிப்படும் நாயின் உடல் கார்டிசாலைக் கூடுதலாகக் கேட்கும். சுரப்பி அதற்கு ஏற்ப வளரும். வயது ஏறினாலும் தடிக்கும். உடல் எடையும் ஒரு காரணம். பழைய 7.4 என்ற ஒற்றைக் கோடு சிறிய நாய்களுக்கு மிகத் தாராளம். பின்னால் வந்த ஆய்வுகள் எடைவாரியாகக் கோட்டைப் பிரித்துவிட்டன. பத்து, பன்னிரண்டு கிலோவுக்குட்பட்ட நாய்களுக்குச் சுமார் 6 மி.மீ., அதற்கு மேல் 7 மி.மீ.யைச் சற்றே தாண்டி என்பது பொதுவான நிலை. மிகச் சிறியவற்றுக்கு 5 மி.மீ.யை ஒட்டி. எடையைக் குறிப்பிடாமல் "அட்ரீனல் பெரிதாக உள்ளது" என்று மட்டும் சொல்லும் அறிக்கையால் காசுக்குப் பிரயோஜனமில்லை.

ஆகவே நோய் இருக்கிறதா என்ற முதல் கேள்வியை ஸ்கேனிடம் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி இரத்தத்துக்கு உரியது. கிலோவுக்கு 0.01 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, நான்காவது, எட்டாவது மணி நேரத்தில் கார்டிசால் பார்க்கிறார்கள். நலமான நாயில் அது அடங்கிப்போகும். குஷிங் நாயில் எட்டாவது மணியிலும் அடங்காது. அதற்கும் முன்னால் வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. நாய் குடிக்கும் தண்ணீரை அளப்பது. கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல், அதாவது பத்துக் கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அது அசாதாரணம். கத்திரி வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ எல்லா நாயும்தான் அதிகம் குடிக்கும். ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யாமல் சில நாள் தொடர்ந்து அளக்க வேண்டும்.

இரத்தம் 'ஆமாம்' என்று சொன்ன பிறகு ஸ்கேனை அழைத்தால், அது பிரமாதமாகப் பேசும். இரண்டு சுரப்பியும் ஒரே மாதிரி தடித்து, வடிவம் கெடாமல் இருந்தால் பிட்யூட்டரி வகை. ஒன்றில் உருண்டையான கட்டி, மற்றது சுருங்கிக் கிடந்தால் அட்ரீனல் வகை. கட்டி கொட்டும் கார்டிசாலைக் கண்டு பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். சுரப்பதை நிறுத்திவிடும்; வேலையில்லாத மறுபக்கச் சுரப்பி வற்றிவிடும். இரண்டு பக்கமும் சமமில்லாமல் குழப்பும் நாய்களும் உண்டு. அப்போது பெரிய சுரப்பியை விட்டுவிட்டுச் சிறியதை அளக்க வேண்டும். அதன் தடிமன் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவென்றால் எதிர்ப்பக்கக் கட்டியைச் சந்தேகிக்கலாம் என்கின்றன பிரான்சில் நடந்த ஆய்வுகள். பெரிதாக இருப்பதைவிடச் சிறிதாக இருப்பதுதான் உண்மையைச் சொல்கிறது. அட்ரீனல் ஸ்கேனில் இதைவிட அழகான தந்திரம் வேறில்லை.

கட்டி என்றால் அடுத்த கேள்வி அது எங்கே கைவைத்திருக்கிறது என்பது. அட்ரீனல் கட்டிகளுக்குப் பக்கத்துச் சிரைகளுக்குள் ஊர்ந்து நுழையும் கெட்ட பழக்கம் உண்டு. குறுக்கே ஓடும் அந்தச் சிறு சிரை வழியாகக் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் தலைநீட்டிவிடும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போட்டால், அந்த நிறம் ஓரிடத்தில் கட்டியைச் சுற்றி வளைந்து போவது தெரியும். 2003-இல் வெளியான ஓர் அறுவை ஆய்வில் புறணிக் கட்டிகளில் 11 சதவீதமும், உள்பகுதியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டிகளில் 55 சதவீதமும் இப்படிச் சிரைக்குள் புகுந்திருந்தன. அறுவை மேசையில் வயிற்றைத் திறந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதற்கும் முன்கூட்டியே தெரிந்து இரத்தம் ஏற்பாடு செய்வதற்கும் உள்ள வித்தியாசம் நாயின் உயிர். பெரிய கட்டிகளுக்கு இன்று சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடுகிறார்கள்.

அட்ரீனலைப் பார்க்கும் புரோப் அக்கம்பக்கத்தையும் பார்க்கிறது. குஷிங் நாயின் கல்லீரல் பெருத்து வெளுத்திருக்கும். சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். பித்தப்பைக்குள் பித்தநீர் இறுகிக் கோழையாய் உறைந்துபோகும் நிலை, குஷிங் நாய்களில் பல மடங்கு அதிகம். உறைந்த பித்தப்பை வெடித்துவிட்டால், குஷிங் சிகிச்சையெல்லாம் பிறகு, அன்றிரவே அறுவைதான்.

இனி, யாரும் தேடாமலேயே கிடைக்கும் கட்டிகள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2010 வரை வயிற்று ஸ்கேன் செய்த 3,748 நாய்களைத் திரும்பிப் பார்த்தபோது 151 நாய்களில், அதாவது நூற்றுக்கு நான்கில், எதிர்பாராத அட்ரீனல் மாற்றங்கள் இருந்தன. வாந்திக்காக வந்த நாய், கல்லுக்காக வந்த நாய். உரிமையாளருக்குப் பகீரென்றிருக்கும். ஒரு செ.மீ. அளவில் கணு ஒன்றிருந்து, நாய் நலமாக இருந்தால், சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பதே விவேகம். இரண்டு செ.மீ.யைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்; நான்கைத் தாண்டினால் புற்று என்றே எண்ணிச் செயல்பட வேண்டும்.

அவற்றில் ஃபியோகுரோமோசைட்டோமாதான் ஏமாற்றுக்காரன். நினைத்தபோது அட்ரினலின் வகை ஹார்மோன்களை அள்ளிக் கொட்டும். நாய் திடீரெனச் சரிந்து விழும், இரத்த அழுத்தம் எகிறும், அரை மணியில் ஒன்றுமே நடக்காததுபோல் வாலாட்டும். மருத்துவரிடம் கொண்டுவரும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் ஊசி குத்தி எடுத்துப் பார்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். இந்தக் கட்டியைக் குத்தினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முதலில் சிறுநீரில் மெட்டானெஃப்ரின் என்ற அட்ரினலின் சிதைபொருளைப் பார்ப்பதே பாதுகாப்பு. அறுவைக்கு முன் இரத்த அழுத்தத்தை அடக்கும் ஃபீனாக்ஸிபென்சமின் மாத்திரை கொடுத்த நாய்களில் 13 சதவீதமும், கொடுக்காதவற்றில் 48 சதவீதமும் இறந்தன என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஸ்கேன் பார்ப்பவர் "ஃபியோ இருக்கலாம்" என்று அறிக்கையில் எழுதும் ஒரு வரி, அந்த மாத்திரையைத் தொடங்கவைக்கும் வரி.

அடிசன் நோயில் கதை தலைகீழ். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியை அழித்துவிட, எஞ்சியிருப்பது மெல்லிய நார்போல ஒன்று. இளம் வயது, நடுவயது நாய்களில், பெட்டைகளில் அதிகம். ஸ்டாண்டர்டு பூடில், போர்ச்சுகீசிய வாட்டர் டாக் போன்ற இனங்களில் இன்னும் அதிகம். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இந்த நோய் இருந்தது. நாய் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், டிரிப் ஏற்றினால் எழுந்து ஓடும். வயிற்றுக் கோளாறு என்றே நினைப்பார்கள். ஒரு நாள் உப்புச் சமநிலை குலைந்து, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குறைந்து, உயிருக்குப் போராடும் நிலையில் வரும். அவசர சிகிச்சை மேசையில் வயிற்றில் புரோப்பை வைத்து, இடது அட்ரீனல் 3.2 மி.மீ.க்கும் குறைவென்று கண்டால், இரத்த முடிவு வரும் முன்பே சந்தேகம் வலுத்துவிடும். உறுதி செய்வது ஏ.சி.டி.எச். ஊசிச் சோதனைதான். சுரப்பி இயல்பான அளவில் இருந்தும் நோய் இருக்கும் நாய்கள் உண்டு என்பதால், ஸ்கேனில் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

குஷிங்கிற்குச் சிகிச்சை தொடங்கியபின் மறுபடி ஸ்கேன் எடுத்துச் சுரப்பி சுருங்கியதா என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்காவில் 2008-இல் நாய்களுக்கென அனுமதி பெற்ற டிரைலோஸ்டேன், கார்டிசால் உற்பத்தியைத் தடுக்கிறது. பிட்யூட்டரியோ இன்னும் வேகமாக ஏ.சி.டி.எச். அனுப்புகிறது. மருந்து வேலை செய்யச் செய்யச் சுரப்பி தடிக்கவே செய்யும். மருந்தளவைத் தீர்மானிப்பது தண்ணீர்க் கிண்ணமும் இரத்தத்தில் கார்டிசாலும்தான்.

கடைசியாக ஒரு வகை. நாயைப் பார்த்தால் அச்சு அசல் குஷிங்: தொந்தி, மெலிந்த தோல், ஓயாத தாகம். ஸ்கேன் செய்தால் இரண்டு அட்ரீனலும் சிறுத்துக் கிடக்கின்றன. பிட்யூட்டரியிலும் கோளாறில்லை, கட்டியும் இல்லை. அந்த வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால் விடை கிடைக்கும். அரிப்புக்காக மாதக்கணக்கில் கொடுத்த பிரட்னிசொலோன் மாத்திரை, அல்லது மாதம் ஒருமுறை போட்டுவந்த 'அரிப்பு ஊசி', அல்லது காதில் விடும் சொட்டு மருந்து. மனிதர்களுக்கென வாங்கி நாயின் தோலில் தினமும் தேய்த்த ஸ்டீராய்டு களிம்பாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் பிட்யூட்டரி அடங்கி, அட்ரீனல்கள் வற்றிவிட்டன. பதறிப்போய் மருந்தை அன்றே நிறுத்தினால், வற்றிய சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாமல், நாய் அடிசன் நோயாளியைப்போல் சரிந்து விழும். வாரக்கணக்கில், மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்கேனுக்கு வரும் நாள் அன்று பழைய மருந்துச் சீட்டுகளையும் களிம்புக் குழாய்களையும் சொட்டு மருந்துப் புட்டிகளையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்வது இதற்காகத்தான். ஜெல் தடவுவதற்கு முன்பே அந்தப் பையைப் பார்த்துவிடுகிறார்கள்.